பெரிய பொட்டு, சின்னப் பொட்டு

ஜனவரி 5, திங்கள்

புது நோட்டு. பத்திரத்தில் முதலில் சொத்து விவரம் வருவது போல, நிலவரத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் ஆவுடையம்மாள், ஓய்வுபெற்ற சார்பதிவாளர், சங்கரன்கோவில். இப்போது இருப்பது டெக்சஸில், மகள் வீட்டில். போன ஆகஸ்டில் பால் வாங்கப் போன இடத்தில் படியில் தவறி விழுந்தேன். நகராட்சி கட்டிய படி. கட்டியவனைப் பிடித்து உதைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு என் மகள் வடிவு பறந்து வந்து என்னை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மார்ச் 14 திரும்பும் டிக்கெட் இருக்கிறது. அதை ரத்து செய்து, என் வீட்டை விற்று, என்னை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் திட்டம். தனியாக இருக்க எனக்குத் தெம்பு இருக்கிறது என்று மார்ச்சுக்குள் அவளுக்கு நம்பிக்கை வந்தால் விடுவாளாம். இல்லாவிட்டால் இல்லையாம். ஊரார் சொத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவளுக்கு, நான் பெற்றது சான்றிதழ் தரப்போகிறது.

நான் போவேன். என் வீட்டில், என் சாவியில், என் இஷ்டத்துக்கு இருப்பேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாப்பிள்ளை பெயர் மயில்சாமி. கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஆபீஸில் மைக். மயில் எப்படி மைக் ஆனது என்று கேட்டேன். "அவங்க வாயில நுழையலீங்கத்தே" என்றார். அடுத்தவன் வாய்க்குத் தகுந்தாற்போல் தன் பெயரை வெட்டிக்கொள்கிற மனிதர். இவரைத்தான் காதலித்தாள். வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டால்தானே.

ஜனவரி 10, சனி

வடிவு மருந்தாளுநர். சனிக்கிழமையும் கடைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் நானும் இந்த மனிதரும்.

கார் நிறுத்துகிற அறையில் கார் இல்லை. கார் வெளியே காய்கிறது. உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் நீளக் கைப்பிடி வைத்த ஓர் இரும்பு யந்திரம், சுவரோரம் பக்கெட் பக்கெட்டாகப் பித்தளை. மாப்பிள்ளை முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, இரண்டு டப்பாக்களில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கீரை ஆய்கிறவளுக்கு இதைவிட வேகம் இருக்கும்.

"இது என்ன மாப்பிள்ளை?"

"சுட்ட தோட்டாவோட கூடுங்கத்தே. சுட்டுப் பழகற ரேஞ்சுல பொறுக்கிட்டு வந்தனுங்க. திரும்ப வெடிமருந்து ரொப்பி, குண்டு வெச்சுச் சுடலாமுங்க."

இவர் மாதம் ஒரு ஞாயிறு கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறார். ஜெயித்ததாகத் தகவல் இல்லை.

"கடையில புதுசு கெடைக்காதா?"

"கெடைக்குமுங்க. ஆனா நாமளே செஞ்சா அது ஒரு இதுங்க."

ஒரு இது. அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பெல்லாம் கடைசியில் அந்த 'ஒரு இது'வில் வந்து நிற்கிறது. கோவிலில் தேங்காய் ஓடு பொறுக்குகிறவன்கூட அடுப்பெரிக்கத்தான் பொறுக்குகிறான்.

எதைப் பார்த்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கூட்டைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு வட்டம், அந்த வட்டத்துக்கு நடுவில் இன்னொரு சின்ன வட்டம். நடுவில் இருப்பதுதான் பிரைமராம். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தியதும் அது வெடித்து உள்ளே இருக்கிற மருந்தைப் பற்றவைக்கிறது.

"இது பொட்டு வெடில்லா?" என்றேன். கல்லில் வைத்துத் தட்டுகிற அதே பொட்டு வெடி. சிவகாசிக்கு இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு இவர் மருந்துப் பாடம் எடுக்கிறார்.

"அதேதானுங்கத்தே!" என்று முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நாற்பத்தஞ்சுன்னு இந்த ஒரு தோட்டா அளவுலதான் தொல்லைங்க. சில கம்பெனிக்காரன் பெரிய பொட்டு வெக்கிறான், சிலபேரு சின்னப் பொட்டு வெக்கிறான். என்ற மெஷின் பெரிய பொட்டுக்கு செட் பண்ணுனதுங்க. ஒரு சின்னப் பொட்டு உள்ள வந்துட்டா பெரிய பொட்டு அந்தக் குழியில எறங்காது, சிக்கிக்கும். தெரியாம ஓங்கி அழுத்துனா வெடிச்சாலும் வெடிச்சுருமுங்க."

அதற்கு இவ்வளவு முழித்து முழித்துப் பார்க்க வேண்டுமா? எந்திரிங்க, இதை நான் பார்க்கிறேன் என்றேன். கள்ள முத்திரையையும் நல்ல முத்திரையையும் ஒரே பார்வையில் பிரித்த கண் இது. மதியத்துக்குள் ஒரு பக்கெட்டை முடித்தேன். சாயங்காலம் வடிவிடம், "அத்தை கண்ணு கழுகுக் கண்ணு" என்றார் மாப்பிள்ளை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதுவும் நல்லதுதான். மார்ச்சுக்கு உதவும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்குவதற்குள் கூரையில் இருக்கிற புகை அலாரம் பொங்கிவிட்டது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி அதை ஒரு துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். சூரியனுக்குக் காட்ட வேண்டிய பணிவை அலாரத்துக்குக் காட்டினார்.

வடிவு என் நெற்றியைப் பார்த்து, "எம்மா, பொட்டு கோணலா இருக்கு" என்று விரலால் நகர்த்தி வைத்தாள். இந்த வீட்டுக் குளியலறைக் கண்ணாடி மட்டம். முகத்தின் நடுவில் புகை படிந்தது போல் காட்டுகிறது. துடைத்தாலும் போகவில்லை. சொல்லலாம் என்று பார்த்தேன், சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

இந்த நோட்டை அச்சடித்தவன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான். கோடுகள் நடுவில் நெளிகின்றன.

ஜனவரி 24, சனி

இன்றைக்கு ஒரு வேடிக்கை. கூடு பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே கதவு நிலை வளைந்திருக்கிறது. பாம்பு நெளிகிற மாதிரி. வீட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு கொத்தனாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

மனிதர் உடனே ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து நிலையில் வைத்தார். கீழே வைத்தார், நடுவில் வைத்தார், மேலே வைத்தார்.

"நேரா இருக்குதுங்கத்தே. குமிழி நடுவுல நிக்குதுங்க."

"அப்ப உங்க ரசமட்டமும் கோணலு."

எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவர் இதற்குச் சிரிக்கவில்லை. "எந்த எடத்துல நெளியுதுங்க?" என்று கேட்டார்.

"நான் எந்த எடத்தைப் பாக்கேனோ அந்த எடத்துல. இது என்ன கேள்வி?"

ரசமட்டத்தை மேஜையில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி பவர் மாத்திப் பாக்கலாமுங்களா? பக்கத்துலயே கடை இருக்குதுங்க. வடிவுகிட்டச் சொல்லோணும்னு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

இவர் வீட்டு நிலை கோணல் என்றால் எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம். புத்தி போகிற போக்கைப் பாருங்கள். "உங்க வேலையைப் பாருங்க மாப்பிள்ளை" என்று சொல்லி அடுத்த பக்கெட்டை இழுத்து வைத்துக்கொண்டேன். இந்த விளக்கு வெளிச்சமும் போதாது. பித்தளையின் ஓரத்தில் பொறித்த எழுத்துகூடத் தெரிகிறது, நடுவில் இருக்கிற பொட்டு மட்டும் மங்குகிறது. வெளிச்சம் விழுகிற கோணம் அப்படி.

ஜனவரி 27, செவ்வாய்

மாப்பிள்ளை புது விளக்கு வாங்கி மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறார். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. ஒரு பிரயோஜனமும் இல்லை. இதிலும் ஏமாந்து மட்டமானதை வாங்கியிருக்கிறார்.

ஜனவரி 31, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வராமல் எழுந்து கார் அறைப் பக்கம் போனால், மாப்பிள்ளை நான் பிரித்து வைத்த பெரிய பொட்டு டப்பாவைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து. பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் அவர் பொறுக்கிப் போட்டவை.

"என்ன பண்ணுதீங்க?"

திருடன் மாதிரி எழுந்து நின்றார். "சும்மாங்கத்தே. ஒருக்கா பாத்துக்கலாம்னு..."

"எத்தனை நாளா இந்தச் 'சும்மா' நடக்கு?"

தட்டைப் பின்னால் தள்ளினார். அதுவே பதில். நான் எழுதின பத்திரத்தை எனக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா திருத்திக்கொண்டிருந்திருக்கிறான்! ஜில்லாப் பதிவாளரே என் வேலையை இரண்டாம் தரம் பார்த்தது கிடையாது. கேட்டுவிட்டேன். நன்றாகக் கேட்டுவிட்டேன். மருமகன் என்றும் பார்க்கவில்லை. என் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் என்னை எதற்கு உட்கார வைத்தீர்கள், கிழவி பொழுதைப் போக்கட்டும் என்று பிச்சை போட்டீர்களா என்றேன். உங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை இதுதானா என்றேன். அவர் அம்மாவையும் இழுத்தேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை. முதுகெலும்பு இருந்தால்தானே வரும். கடைசியில், "இனிமே பாக்கமாட்டனுங்கத்தே. நீங்க பிரிச்சா பிரிச்சதுதானுங்க" என்றார்.

தட்டில் கிடந்தவற்றை அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். எல்லாம் பெரிய பொட்டுத்தான். அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தேன். சரியான தூக்கம் இல்லை, அதுதான்.

பிப்ரவரி 7, சனி

அடுத்த ஞாயிறு போட்டியாம். மாப்பிள்ளைக்குத் தோட்டா வேண்டும். இரண்டு பக்கெட் பிரித்துக் கொடுத்தேன். வாங்கி அப்படியே மேஜையில் வைத்துக்கொண்டார், திறந்துகூடப் பார்க்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறார். அதட்டினால் நடக்கிற ஜாதி.

இரவுச் சாப்பாட்டில் வடிவு, "நீ இப்ப நல்லா இருக்கம்மா, நடையும் தெளிவா இருக்கு. போறதுன்னா போயிட்டு வா, பாப்போம்" என்றாள். ஜெயித்துவிட்டேன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் போவதில் வருத்தப்படுகிற முதல் மருமகன் இவராகத்தான் இருக்கும், அல்லது நடிப்பு.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெடித்துவிட்டது.

நான் அடுக்களையில் சுண்டைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம், கதவெல்லாம் அதிர்ந்தது. எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கார் அறையில் புகை. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து நிற்கிறார். கன்னத்தில் ரத்தம். வேலை செய்யும்போது மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் கண்ணாடி இடது பக்கம் குழிந்து விரிசல் விட்டிருந்தது. காது கேட்கவில்லை போலிருக்கிறது, என்னைப் பார்த்து உரக்க, "ஒண்ணும் இல்லீங்கத்தே! ஒண்ணும் இல்லீங்க!" என்றார். சொல்லிக்கொண்டே யந்திரத்தில் சிக்கியிருந்த கூட்டைக் கையால் மறைத்தார். பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வடிவு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் அழுததை எழுத எனக்கு மனமில்லை.

சுண்டைக்காய் கருகிவிட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் வடிவு கடைக்குப் போகவில்லை. கன்னத்தில் தையல் போட்டுக்கொண்டு வந்தவரை உட்கார வைத்து விசாரித்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எப்படிடா ஆச்சு?"

"சின்னப் பொட்டு ஒண்ணு கலந்துருச்சு. சிக்குச்சு. நான் வேற நெனப்புல ஓங்கி அழுத்திட்டேன்."

"யாரு பிரிச்சது? அம்மாவா?"

"இல்ல, இந்தத் தடவ நான்தான்."

பொய் சொல்லக்கூட லாயக்கில்லாத மனிதர். பொய் சொல்லும்போது கழுத்து சிவக்கிறது. என் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தால் இரண்டாவது கேள்வியில் சிக்கியிருப்பார். ஆனால் வடிவு இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "அந்தக் கண்ணாடி இல்லேன்னா கண்ணு போயிருக்கும். கண்ணு இல்லாம என்னடா பண்ணுவ? சொல்லு, என்ன பண்ணுவ?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். யந்திரம், மருந்து, துப்பாக்கி எதுவும் இனிமேல் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார்.

நான் வந்த நாளிலிருந்து இந்தக் குப்பை ஒழிய வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழிந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பருப்பு வேகவில்லை. இந்த ஊர்த் தண்ணீர்.

பிப்ரவரி 11, புதன்

மாப்பிள்ளை யந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு திருகையும் துடைத்து எண்ணெய் போட்டுக் காகிதத்தில் சுற்றுகிறார். விற்கப்போகிற பொருளுக்கு இத்தனை சீராட்டு எதற்கு என்று புரியவில்லை. நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

"உங்க மேல தப்பில்லீங்கத்தே" என்றார் திடீரென்று, நான் கேட்காமலேயே. "பாக்காம அழுத்துனது நானு."

இந்த மனிதர் எனக்கு மன்னிப்புத் தருகிறாராம். யார் கேட்டது? அவரிடம் பட்டா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய் என் வீட்டைத் திறந்து உட்கார்ந்திருப்பேனா? தினம் விளக்கு வைக்கும்போது அந்தக் கன்னத்துத் தையல் என் முன்னால் வந்து நிற்காதா? நான் வாயைத் திறந்தால் மார்ச் 14 போய்விடும். வீடும் போய்விடும். வடிவு ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டாள்.

எனக்கு என் வீடு வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வடிவு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். யாரோ வாங்க வந்து வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, அதைக் கீழ வைங்க" என்றேன். "வடிவு, பிரிச்சது அவரு இல்லட்டி. நான்."

"என்னம்மா சொல்லுத?"

"எனக்கு நடுவுல தெரியல. எதைப் பாத்தாலும் அதோட நடு தெரியல. சுத்தி எல்லாம் தெரியுது. உன் மூஞ்சியைப் பாத்தா உன் காது தெரியுது, கம்மல் தெரியுது. மூஞ்சி இல்ல."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. அதுவரைக்கும் நான் இதை வார்த்தையாக நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. வடிவு ஒரு செருப்போடு நின்றாள்.

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியுமுங்கத்தே" என்றார். "அன்னைக்கு நெலை நேராத்தான் இருந்துச்சுங்க."

பிப்ரவரி 14, சனி

கண் டாக்டர். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டாள். என்னவென்று சொல்ல? எல்லாக் கோடும் குடித்திருந்தது. கண்ணின் உள்ளே நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதாம். இடது கண் மோசம், வலது ஆரம்பம். உடனே ஊசி. கண்ணுக்குள்ளேயே ஊசி. மாதம் ஒன்று, விடாமல் போட வேண்டும். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம், போனது முழுக்கத் திரும்பாது. இன்னும் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றாள்.

காரில் திரும்பும்போது மாப்பிள்ளையைக் கேட்டேன். ரசமட்டம் வைத்த அன்றைக்கே தெரிந்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை?

"வடிவுகிட்டச் சொன்னா உங்களை ஊருக்கு விடமாட்டாளுங்களே. புரையா இருக்கும், மெதுவா உங்களையே சம்மதிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போலாம்னு நெனச்சனுங்க. அது வரைக்கும் நான் பின்னாடி பாத்துக்கறேன்னு..."

"எனக்கு மரியாதை குடுத்தே என் கண்ணைக் கெடுத்துட்டீங்க."

"ஆமாங்கத்தே."

ஆமாங்கத்தே! இவரை வைத்துக்கொண்டு சண்டைகூடப் போட முடியாது. நானும் இவரும் சேர்ந்து ஒரு மாதத்தை நாசமாக்கியிருக்கிறோம். நான் அதட்டினேன், இவர் அடங்கினார். வேறொரு மருமகனாக இருந்தால் "உனக்குக் கண்ணு தெரியல கெழவி" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பான். எனக்கு வாய்த்தது மயில்சாமி.

பிப்ரவரி 20, வெள்ளி

டிக்கெட் ரத்து, வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன் என்றாள் வடிவு. எனக்குப் பேச என்ன பாத்தியதை இருக்கிறது.

மாப்பிள்ளை சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அது அத்தை வீடு" என்றார்.

"அதுக்கு?"

"அவங்க சொல்லோணும், விக்கறதா வேண்டாமான்னு. ஊசி மதுரைலயும் போடுவாங்க. கண்ணு கொறஞ்சவங்க ஊருல தனியா இல்லியா? நான் ஒரு மாசம் அங்கிருந்து வேலை பாக்கறேன்னு கேட்டுருக்கறேன். கூடப் போயி, மூணாவது ஊசியப் போட்டு, அங்க எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டு வர்றேன். அதுக்கு மேல அத்தையால முடியலீன்னா அவங்களே சொல்லுவாங்க."

வடிவு கத்தினாள். தட்டைத் தள்ளினாள். அவர் குரல் உயரவே இல்லை, ஆனால் சொன்னதிலிருந்து இறங்கவும் இல்லை. இவ்வளவு நாளாக இந்த முதுகெலும்பை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. ஒரு மாதம் முன்னால் எடுத்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

நேற்று இரண்டாவது ஊசி. கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போல உறுத்துகிறது. எழுதுவது கஷ்டமாக இருப்பதால் நான் சொல்ல மாப்பிள்ளை எழுதுகிறார். நான் சொல்வதை ஓர் எழுத்து விடாமல் எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது, முன்பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று நிபந்தனை.

சனிக்கிழமை விமானம், ரத்து செய்த டிக்கெட்டை வடிவே மறுபடி போட்டாள். மாப்பிள்ளையும் வருகிறார். யந்திரம் விற்கவில்லை, வாங்க வந்தவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். ஆனால் பிரிக்கிற வேலையை இனிமேல் யாரிடமும் கொடுப்பதில்லை என்று வடிவு அவரிடம் எழுதி வாங்காத குறையாகச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எனக்கு வேலை போயிற்று. போகட்டும், அதுவும் ஒரு வேலையா.

வடிவு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியை மட்டும் மூன்று தரம் பிரித்து அடுக்கினாள். ஊசி வேலை செய்கிறது. அவள் மூக்குத்தி நேற்று ஓரளவு தெரிந்தது. மூக்கு தெரிந்தால் போதும், மீதியை நான் பெற்றதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விமானத்தில் அவ்வளவு நேரம் இவர் குறட்டையைக் கேட்டாக வேண்டும். சங்கரன்கோவிலில் போய் இறங்கியதும் தெருவே வந்து மாப்பிள்ளையைப் பார்க்கும். கன்னத்தில் என்ன தழும்பு என்று கேட்கும். என்ன சொல்லுவீங்க? இல்ல, இதை எழுத வேண்டாம், உங்களைத்தான் கேக்கேன். ஏன் எழுதுதீங்க? சரி, எழுதுங்க. நான்தான் காரணம்னு சொல்லுங்க. பொய் சொல்லிச் சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, உங்களுக்கு வராது, கழுத்து சிவந்துரும்.

என்ன எழுத்து இது? கோழி கெளறுன மாதிரி இருக்கும்னு பாக்காமயே தெரியுது. சிரிக்காதீங்க.

வடிவு அந்தப் பக்கம் இருக்காளா? போயிட்டாளா?

நீங்க ஒரு மாசத்துல திரும்பிருவீங்கல்லா. அதுக்குப் பெறகு நானாத்தான் கதவைத் தெறக்கணும், நானாத்தான் அடுப்பைப் பத்தவைக்கணும். எல்லார்கிட்டயும் போவேன் போவேன்னு சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை. ரொம்பப் பயமா இருக்கு. இதை எழுதாதீங்க.